மேசையில் ஓட்டில்லாதவள்: பைக்கர் கிளப் காதல் நாவல் எழுத ஒரு முழு வழிகாட்டி

சட்டத்துக்கு அடங்காத அமெரிக்க மோட்டார்சைக்கிள் கிளப்களைக் களமாக வைத்து வரும் காதல் நாவல்களுக்கு ஆங்கிலத்தில் பெரிய வாசகர் கூட்டம் உண்டு. தமிழில் ஆன்டி ஹீரோ கதைகளை விரும்பிப் படிப்பவர்களுக்கும் இந்த வகை சட்டென்று பிடித்துப்போகும். ஆனால் தோல் ஜாக்கெட், பச்சை குத்திய கை, ஹார்லி பைக், முரட்டுக் குரல் என்று நான்கையும் வைத்துக்கொண்டு எழுத உட்காருபவர்கள் மூன்றாவது அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று அந்த நான்கும் சொல்லாது.

சொல்வது வேறொன்று. இந்தக் கிளப்களில் முக்கியமான எந்த முடிவும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஓட்டுப் போட்டுத்தான் எடுக்கப்படுகிறது. அந்த மேசையில் பெண்ணுக்கு இடம் கிடையாது. அவள் காதலிப்பவனுடைய உயிர், அவள் வீடு, அவள் பிள்ளையின் பாதுகாப்பு எல்லாமே அவள் இல்லாத ஓர் அறையில் தீர்மானமாகின்றன. அப்படிப்பட்டவள் கதைக்குள் எப்படி அதிகாரம் பெறுகிறாள் என்பதுதான் இந்த வகையின் உயிர்க் கேள்வி. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியை நோக்கியே போகின்றன.

படி 1: கிளப்புக்கு ஒரு ஊர், ஒரு வருடம், ஒரு காயம்

உங்கள் கிளப் எங்கே, எப்போது, யாரால் தொடங்கப்பட்டது என்று முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கம் நாவலில் வராமலே போகலாம். ஆனால் அது இல்லாவிட்டால் உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுவார்கள், ஒரே காரணத்துக்குக் கோபப்படுவார்கள்.

நிஜ வரலாற்றில் இதற்கு நிறையத் தீனி இருக்கிறது. அவுட்லாஸ் கிளப்பின் தொடக்கம் 1935, இல்லினாய் மாநிலத்தின் மெக்குக் ஊர், ரூட் 66 நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடை ஒன்று. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் 1948 மார்ச்சில் கலிபோர்னியாவின் ஃபான்டானா, சான் பெர்னார்டினோ பகுதியில் பிறந்தது. பேகன்ஸ் 1959-இல் மேரிலாந்தில், பாண்டிடோஸ் 1966-இல் டெக்சாஸில். அவுட்லாஸ் போருக்கு முந்தையது; பிந்தைய வருடங்களுக்குப் பின்னால் இரண்டாம் உலகப் போரும் வியட்நாம் போரும் நிற்கின்றன. போரிலிருந்து திரும்பியவனுக்கு ஒரு படைப்பிரிவின் நெருக்கமும் ஆபத்தும் தேவைப்பட்டன. பெட்ரோல் பங்க் வேலையோ வார இறுதிச் சாப்பாடோ அதைக் கொடுக்கவில்லை.

1947 ஜூலை 4 வார இறுதியில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் ஊரில் நடந்ததை அவசியம் படியுங்கள். பைக் பந்தயத்துக்கு எதிர்பாராத கூட்டம் வந்தது. குடித்தார்கள், தெருவில் ரேஸ் விட்டார்கள், சிலர் கைதானார்கள். பீர் பாட்டில்களுக்கு நடுவில் பைக் மேல் சாய்ந்திருக்கும் ஒரு மனிதனின் படம் லைஃப் பத்திரிகையில் வந்தது. அது ஏற்பாடு செய்து எடுத்த படம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பைக் ஓட்டுபவர்களில் 99 சதவீதம் பேர் நல்லவர்கள் என்று அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் அப்போது சொன்னதாக ஒரு பேச்சு கிளம்பியது. அப்படி ஒரு அறிக்கை தங்கள் பதிவுகளில் இல்லை என்கிறது சங்கம். இருந்தாலும், ‘அந்த மீதி 1 சதவீதம் நாங்கள்தான்’ என்று வைர வடிவத் துணியில் எழுதி நெஞ்சில் தைத்துக்கொண்டார்கள். ஊர் தங்களைப் பற்றிப் பேசும் புரளியையே சட்டையாகப் போட்டுக்கொள்ளும் மனிதர்கள் இவர்கள். உங்கள் நாயகனைப் பற்றியும் ஊரில் ஒரு கதை உலவட்டும். அதில் எவ்வளவு நிஜம் என்று நாயகி கண்டுபிடிப்பதிலேயே முதல் 100 பக்கம் ஓடும்.

இனப் பிரச்சினையைத் தவிர்க்காதீர்கள். பழைய கிளப்கள் பலவும் வெள்ளையர்களுக்கு மட்டுமானவை. மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களுக்கு அங்கே கதவு திறக்காததால் 1969-இல் கலிபோர்னியாவின் மான்டிபெல்லோவில் மங்கோல்ஸ் உருவானது. அதற்குப் பத்து வருடம் முன்பே ஓக்லாண்டில் ஈஸ்ட் பே டிராகன்ஸ் என்ற கறுப்பினத்தவர் கிளப் பிறந்திருந்தது. உங்கள் கிளப் யாரை உள்ளே விடவில்லை, யாரால் ஒதுக்கப்பட்டது என்று எழுதிவிட்டால் பகை யாரோடு என்பது தானாக வரும். நாயகியை இந்திய வம்சாவளிப் பெண்ணாக எழுத ஆசைப்பட்டால், அவள் அந்தக் கதவுக்குள் நுழையும் முதல் நிமிடத்தில் எல்லோர் பார்வையும் எப்படித் திரும்புகிறது என்று நேர்மையாக எழுதுங்கள். அதை மழுப்பினால் அந்தக் கிளப்பை வாசகர் நம்ப மாட்டார்.

ஊருக்கு நான் பரிந்துரைப்பது லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே இருக்கும் அதே ஃபான்டானா, சான் பெர்னார்டினோ பகுதிதான். 1942-இல் ஃபான்டானாவில் எழும்பிய கைசர் எஃகு ஆலை 1983-இல் மூடப்பட்டது. சான் பெர்னார்டினோவின் நார்ட்டன் விமானப்படைத் தளம் 1994-இல் போனது. அப்பா எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கியவர், மகனுக்குக் கிடங்கில் தற்காலிக வேலைகூட நிலைக்கவில்லை. அந்த மகனுக்குப் பதவியும் பேரும் மரியாதையும் கொடுக்க ஊரில் மிஞ்சியிருப்பது கிளப் மட்டும் என்றால், அவன் ஏன் அதை விட்டு வர மாட்டான் என்று நாயகிக்கும் புரியும், வாசகருக்கும் புரியும்.

படி 2: விதிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் விலை வையுங்கள்

இந்த உலகத்தில் துணிக்குத்தான் மதிப்பு. கையில்லாத தோல் அல்லது டெனிம் சட்டையை ‘கட்’ என்பார்கள். முதுகில் ‘பேட்ச்’ எனப்படும் மூன்று துணித் துண்டுகள்: மேலே வளைவாக கிளப்பின் பெயர், நடுவில் சின்னம், கீழே வளைவாக ஊர் அல்லது மாநிலம். வளைவுத் துண்டுக்கு ராக்கர் என்று பெயர். கீழ் ராக்கரில் ஒரு மாநிலத்தின் பெயரைப் போட்டுக்கொள்வது அந்த மண் எங்களுடையது என்ற அறிவிப்பு. 2015 மே 17 அன்று டெக்சாஸின் வேகோ நகரத்தில் ஓர் உணவகத்தின் முன்னால் நடந்த துப்பாக்கிச் சண்டையில் 9 பேர் செத்தார்கள். பாண்டிடோஸ், காஸாக்ஸ் கிளப்களுக்கு இடையே முற்றியிருந்த பகையில் ‘டெக்சாஸ்’ என்ற அந்தக் கீழ்த் துண்டுக்கும் பங்கு இருந்தது.

பதவி வரிசை எளிமையானது. பிரசிடென்ட், வைஸ் பிரசிடென்ட், ஒழுங்கையும் பாதுகாப்பையும் பார்க்கும் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ், பயணத்தை நடத்தும் ரோடு கேப்டன், செயலாளர், பொருளாளர். அதற்குக் கீழே முழு உறுப்பினர்கள். அவர்களுக்கும் கீழே ப்ராஸ்பெக்ட், அதாவது இன்னும் சேர்க்கப்படாமல் எடுபிடி வேலை செய்துகொண்டிருப்பவன். அவன் முதுகில் நடுச் சின்னம் இருக்காது. பல மாதங்கள், சில கிளப்களில் வருடக்கணக்கில், எப்போது கூப்பிட்டாலும் ஓட வேண்டும். வாராந்திரக் கூட்டத்துக்கு ‘சர்ச்’ என்று பெயர். போன்கள் வெளியே, கதவு சாத்தியிருக்கும். புதியவனைச் சேர்க்கப் பெரும்பாலும் ஒருமித்த ஓட்டு வேண்டும். ஒருவன் மறுத்தாலும் நடக்காது.

இப்போது உங்கள் கிளப்பின் விதிகளை எழுதுங்கள். ஒவ்வொரு விதியின் பக்கத்திலும், அதை மீறினால் யார் என்ன இழப்பார்கள் என்று எழுதுங்கள். ஓர் உறுப்பினனின் பெண்ணை இன்னொருவன் தொடக்கூடாது: மீறினால் பேட்ச் போகும். கிளப் விஷயம் வீட்டில் பேசக்கூடாது: மீறினால் பேசியவனுக்கு அடி, கேட்டவளுக்கு ஆபத்து. பேட்ச் கிளப்பின் சொத்து: விலக்கப்பட்டவன் திருப்பிக் கொடுக்க வேண்டும், உடம்பில் இருக்கும் கிளப் டாட்டூவையும் அழிக்க வேண்டும். விலை எழுதப்படாத விதியை நாவலில் சேர்க்காதீர்கள். விலை எழுதிய விதி ஒவ்வொன்றும் உங்களுக்கு ஒரு அத்தியாயம்.

அந்தத் துணிக்கு எவ்வளவு மதிப்பு என்று சந்தேகம் வந்தால் மங்கோல்ஸ் வழக்கைப் பாருங்கள். 2008-இல் அந்தக் கிளப்பின் 79 பேர் மீது குற்றச்சாட்டு வந்தது. ஆட்களை உள்ளே தள்ளியதோடு அரசு நிற்கவில்லை, கிளப்பின் சின்னத்தின் மீதான வணிக உரிமையையே பறிமுதல் செய்யப் பார்த்தது. பத்து வருடத்துக்கு மேல் இழுத்த சண்டையில், 2019-இல் நீதிபதி டேவிட் கார்ட்டர் அந்தப் பறிமுதலை மறுத்தார். பேச்சுரிமைக்கு எதிரானது, மிகையான தண்டனை என்பவை அவர் சொன்ன காரணங்கள். நாயகன் தன் ‘கட்’டைக் கழற்றி மேசை மேல் வைக்கும் காட்சியை எழுதும்போது இந்த வழக்கு உங்கள் நினைவில் இருக்கட்டும்.

படி 3: நாயகன்

எல்லோரும் பிரசிடென்டை நாயகனாக்குகிறார்கள். எனக்கு சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் பிடிக்கும். தண்டனையைக் கையால் நிறைவேற்ற வேண்டியவன் அவன். மேசையில் எடுத்த முடிவு தவறு என்று தெரிந்தாலும் செய்து முடிக்க வேண்டும். காதல் வந்த பிறகு அவன் யார் மேல் கை ஓங்க வேண்டியிருக்கும் என்று யோசித்தாலே கதை ஓடத் தொடங்கும். ப்ராஸ்பெக்டும் நல்ல தேர்வு. அவனுக்கும் ஓட்டில்லை, நாயகிக்கும் ஓட்டில்லை என்பதால் இருவரும் சமமான இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அவனுக்கு ஓட்டு கிடைக்கும் இரவில் அந்தச் சமநிலை உடையும்.

அவனுக்கு ஒரு தொழில் கொடுங்கள். பைக் மெக்கானிக், லாரி ஓட்டுநர், கூரை போடுபவன், ஏதோ ஒன்று. பில் கட்ட வேண்டிய மனிதனாக இருந்தால்தான் அவன் மேல் அக்கறை வரும்.

படி 4: நாயகி

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும், பலரும் குறைவாகச் செலவிடுவதும் இங்கேதான்.

உறுப்பினனின் நிரந்தரத் துணைக்கு ‘ஓல்ட் லேடி’ என்று பெயர்; வயது எதுவானாலும் அப்படித்தான். பல கிளப்களில் அவள் முதுகில் இன்னாரின் ‘சொத்து’ என்று எழுதிய சட்டை இருக்கும். அதை அவமானமாகப் பார்க்கும் பெண்களும் உண்டு, வேறு யாரும் தன்னைத் தொட முடியாது என்ற பாதுகாப்பாகப் பார்ப்பவர்களும் உண்டு. ஒரே நாவலில் இரண்டு பேரையும் வையுங்கள், ஒரே சமையலறையில் பேச விடுங்கள். கிளப் வீட்டில் யாருக்கும் சொந்தமில்லாமல் சுற்றும் பெண்களும் இருப்பார்கள். அவர்களை வில்லியாகவோ கேலிப்பொருளாகவோ எழுதும் பழக்கம் இந்த வகையில் மலிந்துகிடக்கிறது. நாயகி வழுக்கினால் விழக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் அவர்கள். அவர்களில் ஒருத்திக்குப் பெயரும் கடந்தகாலமும் கொடுத்தால், நாயகி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறாள் என்று விளக்கமே தேவைப்படாது.

நாயகியின் அதிகாரத்துக்கு மூன்று ஊற்றுகள் சாத்தியம்.

முதலாவது, அறிவு. அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. உதாரணமாக, பழுதான வண்டிகளை இழுத்து வரும், கிளப் நடத்தும் டோ டிரக் யார்டில் கணக்கு எழுதும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கிளப்பைப் பற்றி எதுவும் தெரியாது. நான்காவது மாதத்தில் டீசல் பில்லுக்கும் வண்டி ஓடிய தூரத்துக்கும் பொருந்தவில்லை என்று கவனிக்கிறாள். பொருளாளர் கிளப்பையே ஏமாற்றுகிறான். அவனுக்கு ஓட்டு உண்டு, அவளுக்கு இல்லை. அவள் யாரிடம் சொல்வாள்?

இரண்டாவது, திறமை. குண்டடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸுக்குத் தகவல் போகும். அதனால் நர்ஸ் நாயகிகள் இந்த வகையில் ஏராளம். காரணம் சரியானதுதான், ஆனால் தேய்ந்துபோன வழி. அவளே பைக் ஓட்டுபவளாக இருக்கட்டுமே. அமெரிக்காவில் மோட்டார் மெய்ட்ஸ் என்ற பெண்கள் அமைப்பு 1940-இலேயே தொடங்கிவிட்டது. தன் அம்மா, பாட்டி காலத்திலிருந்து சாலையைத் தெரிந்தவள், பின்சீட்டில் உட்கார ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்று பாருங்கள்.

மூன்றாவது, சட்டம். அது தனிப் படி.

படி 5: பணம்

சீக்கிரம் முடித்துவிடலாம். கிளப்பின் வெளிச்ச வருமானம் ஒன்று, இருட்டு வருமானம் ஒன்று. பார், டாட்டூ கடை, டோ யார்டு ஒரு பக்கம்; போதைப்பொருள், திருட்டு பைக், ஆயுதம் மறுபக்கம். சான் பெர்னார்டினோ வட்டாரத்துக்கு மெத் என்ற போதைப்பொருள் தயாரிப்பின் கெட்ட பெயர் பல வருடங்களாக உண்டு. உறுப்பினர் எல்லோரும் குற்றவாளிகள் என்று எழுதாதீர்கள். பாதிப் பேர் சாதாரண வேலைக்குப் போகிறவர்கள், இருட்டு வருமானத்தின் முழு விவரம் தெரியாதவர்கள். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று உங்களுக்கு மட்டும் ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் மட்டும் கறார்: போதைப்பொருள் வருமானத்தில் வாழும் நாயகன், அந்தப் பொருளால் அழிந்த ஒரு மனிதரையாவது நாவலில் நேருக்கு நேர் சந்தித்தாக வேண்டும்.

படி 6: சட்டம், அதாவது அவளுடைய ஓட்டு

போலீஸ் என்றால் கதவை உடைத்துக்கொண்டு வருவது என்ற அளவில் நிறுத்திவிடாதீர்கள். இந்த வகைக்குப் பெரிய பொக்கிஷமே அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது.

1970-இல் வந்த குற்றக்கும்பல் ஒழிப்புச் சட்டத்தின் ஒரு பகுதி ரிக்கோ. பத்து வருடத்துக்குள் இரண்டு குற்றச் செயல்கள் இருந்து, அவை ஓர் அமைப்பின் போக்காகவே நடந்தன என்று நிரூபித்தால், அமைப்பையே வழக்கில் இழுக்கலாம். ஒரு குற்றச்சாட்டுக்கு 20 வருடம் வரை சிறை. அதே சட்டத்தின் இன்னொரு பகுதியில்தான் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. காதலனை உள்ளே தள்ளும் ஆயுதமும் அவளைப் புதிய பெயரில் வேறு ஊருக்கு அனுப்பும் வண்டியும் ஒரே சட்டத்திலிருந்து வருகின்றன. நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஓட்டில்லை என்பதற்காக அவளுக்கு வழக்கும் இல்லை என்று ஆகாது. 1979-இல் ஓக்லாண்ட் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தலைவர் சன்னி பார்ஜர் மீது ரிக்கோ வழக்கு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் அவர் மனைவியும் இருந்தார்.

இப்போது அந்த டோ யார்டு கணக்காளருக்குத் திரும்புவோம். ஒருவர் மீது குற்றம் சுமத்தலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி முன்னால் வந்து சாட்சி சொல்லும்படி அவளுக்கு சம்மன் வருகிறது. போய்ப் பேசினால் கிளப் அவளை விடாது. அவள் காதலி மட்டும்தான் என்றால் அந்த உறவைக் காரணம் காட்டி மறுக்க அவளுக்குச் சட்ட உரிமை கிடையாது. கோர்ட் உத்தரவுக்குப் பிறகும் வாய் திறக்காவிட்டால் அவமதிப்புக்காக 18 மாதம் வரை உள்ளே வைக்கலாம். மனைவி என்றால் கதை வேறு. 1980-இல் டிராமெல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அதற்கு முன்புவரை, ஃபெடரல் குற்ற வழக்கில் மனைவி தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதைக் கணவன் தடுக்க முடிந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை சாட்சிக்கூண்டில் நிற்பவளுக்கு மட்டுமே. தனிமையில் கணவன் மனைவி பேசிக்கொண்டதற்கு வேறு பாதுகாப்பு உண்டு. ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொல்வது அவள் விருப்பம்.

சம்மன் வந்த மறுநாள் இரவு நாயகன் மோதிரத்தோடு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் அவளைக் காதலிக்கிறான் என்று வாசகருக்குத் தெரியும். அவளை ஜெயிலிலிருந்து காப்பாற்றத்தான் கேட்கிறானா, அவள் வாயை அடைக்க மேசை அவனை அனுப்பியதா? அவனே அந்த ஓட்டெடுப்பில் கை தூக்கினானா? அவள் சம்மதித்தால் பேசாமல் இருக்கும் உரிமையும் கிடைக்கிறது, பேசும் உரிமையும் அவளிடமே இருக்கிறது. அவனால் தடுக்க முடியாது. மேசையில் ஓட்டில்லாதவளுக்குக் கோர்ட்டில் ஓட்டு இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு ஓட்டு, எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ஓட்டு. சாட்சி சொல்லவிடாமல் தடுக்க மட்டும் நடந்த போலிக் கல்யாணத்தைக் கோர்ட் ஏற்காமல் போகலாம் என்பதால், அது நிஜக் கல்யாணமா என்ற கேள்வியை அரசு வக்கீலும் கேட்பார், அவளும் தனியாகக் கேட்டுக்கொள்வாள். இந்த ஒரு முடிச்சை ஒழுங்காக விரித்தாலே நாவலின் பிற்பாதி நிறைந்துவிடும்.

ரகசிய ஏஜென்ட் கதை எழுத விரும்பினாலும் நிஜ முன்னுதாரணங்கள் இருக்கின்றன. துப்பாக்கி, வெடிபொருள் குற்றங்களை விசாரிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஏடிஎஃப்-இன் ஏஜென்ட் வில்லியம் குயின் 1998-இலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் மங்கோல்ஸுக்குள் இருந்து முழு பேட்சும் பதவியும் வாங்கினார். அந்த நாட்களில் அவர் தாய் இறந்தபோது கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னவர்கள் கிளப் ஆட்கள்தான் என்று பின்னர் எழுதினார். 2008 வழக்குக்கு முந்தைய நடவடிக்கையில் நான்கு ஆண் ஏஜென்டுகள் உறுப்பினரானார்கள்; அவர்களோடு பெண் ஏஜென்டுகள் காதலிகளாக நடித்து விருந்துகளுக்குப் போனார்கள். நடிக்க வந்த பெண்ணின் பக்கத்திலிருந்து எழுதிப் பாருங்கள். அவளுக்குக் கிளப்பிலும் ஓட்டில்லை, அலுவலகத்திலும் அவள் துணைப் பாத்திரம்.

படி 7: ரோடு

தவறு எளிதாக மாட்டிக்கொள்ளும் இடம் இது. கலிபோர்னியாவில் 1992-இலிருந்து எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம். கூந்தல் முழுசாகக் காற்றில் பறக்க வேண்டுமென்றால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டாயமில்லாத அரிசோனாவுக்கு அவர்களை அனுப்புங்கள். ஹார்லியின் சைலன்சர் பெரும்பாலும் வலது பக்கம், ஸ்டாண்டு இடது பக்கம். முதல் தடவை ஏறுபவளுக்குச் சுடுவது வலது கெண்டைக்கால். இரண்டு சிலிண்டரும் வி வடிவில் சாய்ந்த 45 டிகிரி வி-ட்வின் எஞ்சின், வண்டி நிற்கும்போது ஒரே சீராக ஓடாது, விட்டு விட்டுத் துடிக்கும். கோடையில் டிராஃபிக்கில் நின்றால் தொடை வேகும்.

பயணத்தில் பதவி வரிசையே பைக் வரிசை, ப்ராஸ்பெக்டுகள் கடைசியில். சான் பெர்னார்டினோவிலிருந்து கஹோன் கணவாய் ஏறி மொஹாவி பாலைவனத்தைத் தாண்டி பார்ஸ்டோ போக 115 கிலோமீட்டர் அளவு. கணவாயில் குறுக்குக் காற்று வண்டியைத் தள்ளும். பேசிக்கொள்ள முடியாது. அதனால் இந்தப் பயணத்தில் காதலை வசனத்தில் எழுதாமல் உடம்பில் எழுதுங்கள்: எங்கே பிடித்துக்கொள்கிறாள், எந்த வளைவில் அவனோடு சாயப் பழகுகிறாள், எப்போது கையை எடுத்துவிடுகிறாள்.

படி 8: ரத்தமும் படுக்கையும்

வன்முறைக்குக் கணக்கு வையுங்கள். கனடாவின் கியூபெக்கில் 1994 முதல் 2002 வரை ஹெல்ஸ் ஏஞ்சல்ஸுக்கும் ராக் மெஷினுக்கும் நடந்த சண்டையில் 160 பேருக்கு மேல் இறந்தார்கள். 1995 ஆகஸ்டில் கார் வெடிகுண்டுச் சிதறல் பட்டு 11 வயதுப் பையன் ஒருவன் இறந்த பிறகுதான் பொதுமக்கள் கோபம் உச்சத்துக்குப் போனது. 1997-இல் கும்பல் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவின் மில்பெராவில் 1984 தந்தையர் தினத்தன்று இரண்டு கிளப்கள் மோதியதில் செத்த 7 பேரில் ஒருத்தி எந்தச் சம்பந்தமும் இல்லாத 14 வயதுச் சிறுமி. உங்கள் நாவலில் ஒரு சண்டை நடந்தால், அடுத்த அத்தியாயத்தில் யாராவது ஆஸ்பத்திரி பில் கட்ட வேண்டும், யாராவது தூக்கமில்லாமல் கிடக்க வேண்டும், யாராவது வேலையை இழக்க வேண்டும். வேகோவில் 177 பேர் கைதானார்கள். கடைசியில் ஒருவர்கூட தண்டிக்கப்படவில்லை. ஆனால் அந்த வருடங்களில் வேலையும் வீடும் இழந்தவர்கள் உண்டு. அதுவும் ஒரு நாவல்.

நெருக்கக் காட்சிகளில் என் நிலை உறுதியானது. அவளைக் கடத்தி வைத்தபின் வரும் ‘காதல்’, மறுப்பை ஆசையாகத் திரித்துக் காட்டுவது, அடித்துவிட்டு அணைப்பது இவற்றை நான் காதல் என்று ஏற்க மாட்டேன். இந்த உலகில் பெண்கள் மீது நிஜமான கொடுமைகள் நடந்திருக்கின்றன. 1965-இல் கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் தாமஸ் லிஞ்ச் வெளியிட்ட அறிக்கை இந்தக் கிளப்களை நாடு முழுக்கப் பேசுபொருளாக்கியது. அதற்கு முந்தைய வருடம் மான்டரேயில் எழுந்த கூட்டுப் பாலியல் குற்றச்சாட்டு அதன் பின்னணியில் இருந்தது. அந்த வழக்கு நிற்கவில்லை என்றாலும் அந்தப் பயம் எந்தப் பெண்ணின் மனதிலும் இருக்கும். நாயகியின் மனதிலும் இருக்க வேண்டும். எல்லோரையும் பயமுறுத்தும் ஒருவன் அவளிடம் கேட்டு, காத்திருந்து, அவள் வேண்டாம் என்றதும் நிற்பதில்தான் இந்த வகையின் தனிக் கவர்ச்சி இருக்கிறது. வெளியே உலகமே அவனுக்கு அடங்கினாலும் அந்த அறைக்குள் முடிவு அவளுடையது. மேசையில் கிடைக்காத ஓட்டு அவளுக்கு இங்கே முதலில் கிடைக்கட்டும்.

படி 9: பேச்சு

தமிழில் எழுதும்போது கிளப்புக்குள் எல்லோரையும் சென்னைப் படத்து ரவுடி மாதிரிப் பேசவிட்டால் கலிபோர்னியா காணாமல் போய்விடும். குறைவான சொற்கள், அரைகுறை வாக்கியங்கள், பட்டப்பெயர்கள் போதும். பேட்ச், ராக்கர், ப்ராஸ்பெக்ட், சர்ச் போன்றவற்றை அப்படியே வைத்து, முதல் தடவை வரும்போது காட்சியிலேயே புரியவையுங்கள். ‘அண்ணா’, ‘மச்சி’ வேண்டாம்.

நாயகனும் நாயகியும் ‘நீங்கள்’ என்று தொடங்குவதா ‘நீ’ என்று தொடங்குவதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அவள் முதலில் ‘நீங்கள்’ என்று தூரத்தில் நிறுத்தி, ஒரு சண்டையின் நடுவில் ‘நீ’க்கு மாறினால் அது முத்தத்துக்கு ஈடான நிகழ்ச்சி. பிரசிடென்டை மற்ற உறுப்பினர்கள் ‘நீ’ என்றே பேசட்டும். ப்ராஸ்பெக்ட் மட்டும் ‘நீங்கள்’ என்று சொன்னால் யார் மேல், யார் கீழ் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

படி 10: முடிவு

காதல் நாவல் நம்பிக்கையோடு முடிய வேண்டும் என்பது இந்த வகையின் அடிப்படை ஒப்பந்தம். சேர்ந்து வாழ்வார்கள், அல்லது இப்போதைக்கு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்றாவது வாசகர் நம்ப வேண்டும். ஒருவரைக் கொன்று அழவைத்தால் அது வேறு வகை நாவல், அதைக் காதல் நாவல் என்று விற்காதீர்கள்.

நாயகன் பிரசிடென்ட் ஆகிறான், அவள் அவன் பக்கத்தில் ராணி மாதிரி நிற்கிறாள் என்று முடிப்பது சுலபம். ஆனால் அவளுக்கு அப்போதும் ஓட்டில்லை, எதுவும் மாறவில்லை. சாட்சிப் பாதுகாப்பில் இருவரும் வேறு ஊருக்குப் போவது கனமான முடிவு. பெயர் போகும், அம்மாவின் குரல் போகும், பைக்கும் போகும், ஏனென்றால் பழைய வாழ்க்கையை அடையாளம் காட்டும் எதையும் அங்கே வைத்துக்கொள்ள முடியாது. எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. அவள் கையில் இருக்கும் கணக்குப் புத்தகத்தோடு சர்ச் நடக்கும் கதவைத் தட்டுகிறாள். உள்ளே விடுவதா என்றே ஓட்டெடுப்பு நடக்கிறது. எழுதும்போது ஒவ்வொரு உறுப்பினனின் கையையும் தனித்தனியாகக் காட்டுங்கள். யார் ஏன் தூக்குகிறான், யார் தூக்கவில்லை என்பதற்கான காரணம் ஒவ்வொன்றும் முந்தைய அத்தியாயங்களில் விதைத்ததாக இருக்க வேண்டும். அவளுக்கு ஒரு தடவை உதவியவன், அவளால் அவமானப்பட்டவன், மகளை இழந்தவன், பொருளாளரின் நண்பன். நாயகனின் கை கடைசியில் உயரட்டும், அல்லது அவன் ‘கட்’டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டே போடாமல் வெளியே வரட்டும்.

எழுதி முடித்த பிறகு

நிஜக் கிளப்பின் பெயரையும் சின்னத்தையும் உங்கள் கற்பனைக் கிளப்புக்கு வைக்காதீர்கள். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தன் சின்னங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது, கோர்ட்டுக்கும் போகும். 2006-இல் டிஸ்னி மீதும் 2010-இல் அலெக்சாண்டர் மெக்வீன் ஃபேஷன் நிறுவனம் மீதும் வழக்குப் போட்டது. பெயர் யோசித்ததும் இணையத்தில் தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் மட்டும் 300-க்கு மேற்பட்ட இத்தகைய கிளப்கள் இயங்குவதாக அந்நாட்டு நீதித்துறை சொல்கிறது. சில கிளப்களில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். நீங்கள் நினைத்த பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் பெயரை மாற்றுங்கள், ராக்கரில் போடும் ஊரையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு போடுங்கள். கொலை, போதைப்பொருள், பாலியல் வன்முறை பற்றிய நினைவு, பிள்ளை இழப்பு என்று எது இருந்தாலும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். தொடராக வெளியிடுகிறீர்கள் என்றால், கடினமான காட்சி வரும் அத்தியாயத்தின் தலையிலும் தனியாகச் சொல்லிவிடுங்கள். நடுவில் வந்து படிக்கத் தொடங்குகிறவர் முதல் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்.